மலை வீட்டு நிழலில் புல் நலிகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நீலகிரியில் வீடு கட்டுகிற பலருடைய மனதில் ஒரு புல்தரை இருக்கும். பெரும்பாலும் அது ஊட்டி தாவரவியல் பூங்காவில் பார்த்த புல்தரைதான். 1848இல் உருவான அந்தப் பூங்காவின் பெரிய புல்தரைகள் வானம் பார்த்துக் கிடக்கும் சரிவுகள். நம் வீட்டிலோ ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் நாலைந்து சில்வர் ஓக், மேற்கே மூன்று மணிக்கெல்லாம் சூரியனை விழுங்கிவிடும் ஒரு மலை. இங்கே அதே கிக்குயு புல்லை நட்டு, அதே உரத்தைப் போட்டு, அதே பச்சையை எதிர்பார்க்கிறோம். இரண்டாம் மழைக்காலத்துக்குள் அது திட்டுத் திட்டாகப் போய்விடுகிறது.

கோத்தகிரியில் எங்கள் வீட்டுத் தரையில் பாதிக்கு மேல் நிழல். மூன்று முறை புல் போட்டு, மூன்று முறையும் இழந்த பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. நிழல் என்பது ஒரே நோய் இல்லை. அதில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து நேர் எதிர். எது எது என்று தெரியாமல் உரம் போட்டால் காசும் போகும், புல்லும் போகும்.

எதையும் தொடும் முன்: இது சுவர் நிழலா, மர நிழலா?

சுவர் நிழல் ஈரமானது. வெயில் வந்து உலர்த்தாது, வேர் வந்து உறிஞ்சாது. போதாததற்கு தகரக் கூரையின் தண்ணீரும் அங்கேதான் கொட்டும். மர நிழல் வறண்டது. மேலே இலை மழையைத் தடுக்கிறது, கீழே வேர் இருக்கிற ஈரத்தைக் குடித்துவிடுகிறது. ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் இரண்டு இடத்திலும் அரை அடி ஆழம் தோண்டி மண்ணைக் கையில் பிசைந்து பாருங்கள். உருண்டை பிடித்து ஒட்டினால் ஈர நிழல். மேலே ஓரங்குலம் நனைந்து கீழே பொடியாக உதிர்ந்தால் வறண்ட நிழல். விதிவிலக்கு ஒன்று உண்டு. மூடுபனி வந்து மோதும் பக்கத்தில் நிற்கும் சைப்ரஸ், பைன் போன்ற மரங்கள் பனியைச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறக்கும். அங்கே மரத்தடியே பாசி பிடித்திருக்கும். அதனால்தான் ஊகிக்காமல் தோண்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

அடுத்தது வெயிலின் அளவு. வானம் தெளிந்த ஒரு நாளில் காலை எட்டு மணி முதல் ஒவ்வொரு மணிக்கும் நிழலின் விளிம்பில் ஒரு கல்லை வையுங்கள். மாலையில் பார்த்தால் எந்த இடத்துக்கு எத்தனை மணி நேர வெயில் என்று கண்முன்னே தெரியும். ஜனவரியில் ஒரு முறையும் மே மாதத்தில் ஒரு முறையும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் நம் ஊர் இருப்பது ஏறத்தாழ 11.4 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. டிசம்பர் நண்பகலில் 12 அடிச் சுவர் ஒன்று வடக்கே எட்டடிக்கு மேல் நிழல் போடும். ஜூன் மாதத்தில் அதே சுவர் தெற்கே இரண்டரை அடிதான் போடும். வீட்டின் வடக்குப் பக்கம் மே மாதம் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து அங்கே புல் நடுகிறவர்கள் நவம்பரில் தலையில் கை வைப்பது இதனால்தான். வடக்குப் பக்கத்துக்கு வெயில் திரும்பும் மாதங்களில் பாதியைத் தென்மேற்குப் பருவ மேகம் எடுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிக்குயு கிழக்கு ஆப்பிரிக்க மலைகளிலிருந்து வந்த புல். குளிர் தாங்கும், மிதி தாங்கும், ஆனால் வெயில் வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் இருந்தால் ராஜா மாதிரி வளரும். நாலுக்குக் கீழே போனால் நீங்கள் என்ன செய்தாலும் மெலியும். அருகம்புல் அதைவிட மோசம், நிழலில் நிற்கவே நிற்காது.

அறிகுறி: புல் உயரமாக, மெலிந்து, வெளிறி நிற்கிறது

கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலை மெல்லியதாகி, மிதித்தால் எழாமல் படுத்துவிடுகிறதா? வெளிச்சத்தைத் தேடி எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம். இதைப் பசி என்று நினைத்து யூரியா போடுவதுதான் நம்மிடம் உள்ள பெரிய தவறு. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அப்படித்தான் ஒரு ஜூன் மாதத்தில் இரண்டு கை யூரியா விசிறினார். பத்து நாள் கண்ணைப் பறிக்கும் பச்சை. அதற்குப் பிறகு வந்த மழையில் முழுவதும் அழுகிப் படுத்துவிட்டது. வெளிச்சம் இல்லாத புல்லுக்குத் தழைச்சத்து கொடுத்தால் அது வேரில் இருக்கும் சேமிப்பையும் எடுத்து இலையாக்கிவிடும். இலையோ தண்ணீர் நிறைந்து மென்மையாக இருக்கும், பூஞ்சைக்கு அதுதான் வேண்டும்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. முதலில் புல் வெட்டும் உயரத்தை ஏற்றுங்கள். வெயிலில் கிக்குயுவை 3 முதல் 5 சென்டிமீட்டரில் வெட்டுவோம். நிழலில் 7 முதல் 8 சென்டிமீட்டர் விடுங்கள். இலைதான் புல்லுக்கு அடுப்பு. வெளிச்சம் குறைந்த இடத்தில் அடுப்பையும் சிறிதாக்கினால் எப்படிச் சமைக்கும்? ஒரே தடவையில் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மெஷினின் கத்தி மழுங்கியிருந்தால் சாணை பிடித்துவிட்டு வெட்டுங்கள். கிழிந்த நுனி காய்ந்து, நோய் புக வழி விடும். உரத்தை வெயில் பகுதிக்குப் போடுவதில் பாதியாகக் குறையுங்கள், அதையும் மேகம் மூடிய மாதங்களில் போடாதீர்கள். ஏப்ரலில் கோடை மழை தொடங்கியதும் ஒரு முறை மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ மெல்லிசாகத் தூவினாலே போதும்.

அறிகுறி: புல்லை மீறிப் பாசி படர்கிறது

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது, அதிகமாகத் தவறாகக் கையாளப்படுவதும் இதுவே. பாசி புல்லைக் கொல்வதில்லை. புல் விட்டுப்போன இடத்தில் அது குடியேறுகிறது. ஆகவே பாசியைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறெதுவும் செய்யாமல் இருந்தால் அடுத்த ஆடிக்குள் அது திரும்ப வந்துவிடும்.

காரணத்தை வரிசையாகத் தேடுங்கள். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மழை நேரத்தில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். எங்கள் வீட்டில் சமையலறைப் பக்கம் பாசிக்குக் காரணம் கூரை விளிம்பிலிருந்து சொட்டிய தண்ணீர். ஒரு அடி அகலத்துக்குப் புல்லை எடுத்துவிட்டு, அந்தக் கோட்டில் ஜல்லி நிரப்பி, ஒரு ஓரமாக வடியவிட்டேன். பாதிப் பிரச்சினை அதோடு போய்விட்டது. மேட்டிலிருந்து ஊறி வரும் தண்ணீர் என்றால் மேல் பக்கம் குறுக்காக ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி ஜல்லி போட வேண்டும்.

அடுத்தது மண் இறுக்கம். ஒரு பழைய ஸ்குரூ டிரைவரை ஈர மண்ணில் கையால் குத்துங்கள். நாலு அங்குலம் இறங்கவில்லை என்றால் மண் இறுகிக் கிடக்கிறது. தோட்டத்து முள்கரண்டியாலோ கடப்பாரை நுனியாலோ நாலங்குல ஆழத்தில் ஒரு சாண் இடைவெளி விட்டுத் துளைகள் போட்டு, கரடு மணலும் சலித்த இலை மட்கும் சம அளவு கலந்து துளைக்குள் துடைப்பத்தால் தள்ளுங்கள். இதற்கு ஏற்ற காலம் கோடை மழை நேரம். பருவமழை நடுவில் செய்தால் சேறுதான் மிஞ்சும்.

மூன்றாவது, மண்ணின் புளிப்பு. நம் மலை மண் இயல்பாகவே அமில மண். தேயிலைக்கு அது பிடிக்கும், புல்லுக்கு ஓரளவுக்கு மேல் பிடிக்காது. உங்கள் வீட்டு ஹைட்ரேஞ்சியா நல்ல நீலத்தில் பூக்கிறதா? அமில மண்ணுக்கு அதுவே சாட்சி. ஆனால் நீலத்தைப் பார்த்ததும் சுண்ணாம்பு மூட்டையைத் தூக்க வேண்டாம். மண் பரிசோதனை செய்து, பி.எச். 5.5க்குக் கீழே இருந்தால் மட்டும் தேயிலைத் தோட்டங்களுக்குப் போடும் டோலமைட் என்ற சுண்ணாம்புக் கல் பொடியை ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் வீதம் தூவுங்கள். ஒரு சென்ட் ஏறத்தாழ 40 சதுர மீட்டர், எனவே சென்டுக்கு 4 கிலோ. கமேலியா, அசேலியா, ஹைட்ரேஞ்சியா வேர்ப் பக்கம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யூரியாவோடு சேர்த்தும் போடாதீர்கள், தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் பாசியைக் கொல்லும் வேலை. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைப்பது, உரக்கடையில் ஃபெரஸ் சல்பேட் என்று கிடைப்பது, இரண்டும் ஒன்றுதான். சதுர மீட்டருக்கு 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, மழை வராத ஒரு நாளில் பூவாளியால் ஊற்றுங்கள். சில நாளில் பாசி கருத்துவிடும். அதன் பிறகு வாரி எடுத்து, வெறும் மண் தெரியும் இடத்தில் உடனே புல் துண்டுகளை நடுங்கள். விட்டுவைத்தால் பாசி முந்திக்கொள்ளும். அன்னபேதிக் கரைசல் சிமெண்டிலோ கல் தளத்திலோ பட்டால் துருக்கறை போகவே போகாது, கவனம். டோலமைட் போட்ட சமயத்தில் இதை ஊற்றினால் இரும்புச் சத்து மண்ணில் கட்டுப்பட்டு வீணாகிவிடும். நடுவில் ஒரு மாதமாவது இடைவெளி வேண்டும்.

அறிகுறி: மரத்தடியில் வட்டமாக வெறும் மண்

சில்வர் ஓக், கற்பூர மரம், சீகை, சைப்ரஸ், எதுவானாலும் கதை ஒன்றுதான். பெருமழையிலும் அந்த வட்டம் காய்ந்தே கிடக்கும். மண் பொடியாக இருக்கும், மேலே உதிர்ந்த இலை மெத்தை மாதிரி கிடக்கும்.

முதல் வேலை அந்த இலையை அகற்றுவது. சில்வர் ஓக் இலை சீக்கிரம் மட்காது. ஒரு வாரம் புல்லை மூடிக் கிடந்தாலே அடியில் மஞ்சளாகிவிடும். கொட்டும் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது வாருகோலால் மெதுவாக வாருங்கள். எரிக்க வேண்டாம், ஒரு மூலையில் குவித்து ஒரு வருடம் விட்டால் அருமையான மட்கு கிடைக்கும்.

தண்ணீரைத் தினமும் தெளிக்காமல், வாரத்துக்கு ஒரு முறை, அரை அடி ஆழம் நனையும்படி, காலையில் விடுங்கள். தெளிப்பு நீர் மேல் மண்ணோடு நின்று மரத்தின் நுனி வேர்களை மேலே இழுத்து வரும், போட்டி இன்னும் கூடும். மாலையில் விட்டால் இரவு முழுவதும் இலை ஈரமாக இருக்கும்.

இங்கே இரண்டு தவறுகளைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இவை மரத்தையே கொல்கின்றன. ஒன்று, வேர் மேலே தெரிகிறது என்று அரை அடி செம்மண் கொட்டி மூடிப் புல் பதிப்பது. வேருக்குக் காற்று போகாது. இரண்டு மூன்று வருடத்தில் நுனிக் கிளைகள் காயத் தொடங்கும். ஒரு முறைக்கு ஒரு சென்டிமீட்டர் மட்கு போதும், அடிமரத்தை ஒட்டி அதுவும் வேண்டாம். இரண்டு, தடையாக இருக்கிறது என்று பெரிய வேரை வெட்டுவது. சரிவில் நிற்கும் மரம் அந்த வேரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. பருவமழைக் காற்றில் அது எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளிச்சம் வேண்டுமென்றால் கீழ்க்கிளைகளைக் கவாத்து செய்து, இலைக் கூரையைத் தரையிலிருந்து எட்டு பத்தடிக்கு மேலே உயர்த்தலாம். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயில் உள்ளே நுழையும், காற்றும் ஓடும். ஆனால் கத்தியை எடுக்கும் முன் வனத்துறையில் கேளுங்கள். தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. சொந்தப் பட்டா நிலம் என்றாலும் மரம் வெட்ட அனுமதி வேண்டும். புல்லுக்காக ஒரு மரத்தை எடுப்பதை என்னால் ஏற்கவும் முடியவில்லை. அடிமரத்தைச் சுற்றி மூன்றடி வட்டத்தைப் புல்லுக்குக் கேட்காதீர்கள், அதை மரத்துக்கே விட்டு மட்கு பரப்புங்கள். பார்க்கவும் அழகு, மெஷின் அடித்து மரப்பட்டை காயப்படுவதும் நிற்கும்.

அறிகுறி: இலை மேல் வெள்ளைப் பொடி

மாவு தூவியது போல இருக்கும், விரலில் ஒட்டும். சாம்பல் நோய். நிழலும் காற்றோட்டக் குறைவும் சேர்ந்த மூலைகளில் வரும். பொடி கண்ட பகுதியை வெட்டி வாரி அப்புறப்படுத்தி, பக்கத்துப் புதரைக் கொஞ்சம் கழித்துக் காற்று போக வழி செய்தாலே பெரும்பாலும் அடங்கும். அடங்கவில்லை என்றால் நனையும் கந்தகத்தைப் பொட்டலத்தில் உள்ள அளவில் தெளிக்கலாம்.

அறிகுறி: மழைக்குப் பின் காளான்

புல்லுக்குக் கெடுதல் இல்லை. மண்ணுக்குள் பழைய வேரோ மரத்துண்டோ மட்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். குழந்தைகளும் நாயும் வாயில் வைக்காதபடி பறித்துப் போடுங்கள். சமைத்துப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம்.

அறிகுறி: புல் பாய் போல உரிந்து வருகிறது, அல்லது இரவோடு இரவாகக் கிளறிக் கிடக்கிறது

இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கம். மஞ்சளான இடத்தில் புல்லைப் பிடித்து இழுங்கள். வேர் இல்லாமல் பாய் மாதிரி சுருண்டு வந்தால், அடியில் ஆங்கில எழுத்து சி போல வளைந்து கிடக்கும் வெள்ளை நிற வேர்ப்புழுக்களைப் பார்ப்பீர்கள். கோடை மழைக்குப் பிறகு மண்ணிலிருந்து கிளம்பும் வண்டுகளின் குஞ்சுகள் இவை. காட்டுப்பன்றி இந்தப் புழுவைத் தேடித்தான் வந்து உழுதுவிட்டுப் போகிறது. பன்றிக்கு வேலி போட்டுவிட்டுப் புழுவை மறந்தால் புல் உரிவது நிற்காது.

உழுது போட்ட பத்தைகள் காய்வதற்குள், அன்று காலையிலேயே திருப்பிப் பதித்து மிதித்துத் தண்ணீர் விடுங்கள், முக்கால்வாசி பிழைத்துவிடும். கிளறிய மண்ணில் தெரியும் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம். ஏப்ரல், மே மாதங்களில் முதல் நல்ல மழைக்குப் பிறகு மாலை வேளையில் விளக்குப் பொறி வைத்தால் வண்டுகள் முட்டையிடும் முன்பே சிக்கும். மெட்டாரைசியம் என்ற, புழுவைக் கொல்லும் பூஞ்சையின் பொடியைத் தொழுவுரத்தில் கலந்து ஈரமான மண்ணில் தூவுவதும் நல்ல பலன் தரும். நிழல் ஈரம் அந்தப் பூஞ்சைக்குச் சாதகம், இந்த ஒரு விஷயத்தில் நிழல் நமக்கு உதவுகிறது. காட்டெருமை நடந்த குளம்புக் குழிகளில் மட்கு மணல் நிரப்பினால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

அறிகுறி: டிசம்பர், ஜனவரியில் பழுப்பாகிவிட்டது

எந்த இடம் பழுப்பாகியிருக்கிறது என்று பாருங்கள். திறந்த பகுதி கருகி, மரத்தடி மட்டும் பச்சையாக இருந்தால் அது உறைபனி. மரக்கூரை இரவில் தரையின் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, அதனால் அங்கே பனி விழவில்லை. கவலைப்பட வேண்டாம், கிக்குயு அடித்தண்டிலிருந்து மார்ச்சில் தழைத்துவிடும். பனி படர்ந்த காலையில் அதன் மேல் நடக்காதீர்கள், மிதித்த தடம் அப்படியே கருகும். வெயில் ஏறும் முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பது நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். மாறாக, திறந்த பகுதி பச்சையாக இருந்து நிழல் பகுதி மட்டும் பழுப்பென்றால் பனியைக் குறை சொல்லாமல் மேலே சொன்ன மரத்தடிக் கதைக்குத் திரும்புங்கள்.

எல்லாம் செய்தும் புல் நிற்கவில்லை என்றால்

கற்கள் வைத்துப் பார்த்த கணக்கை எடுங்கள். மூன்று முதல் நாலு மணி நேர வெயில் என்றால் புல்லை மாற்றலாம். அகன்ற இலையும் மழுங்கிய நுனியும் கொண்ட கார்பெட் புல், செயின்ட் அகஸ்டின் புல் இரண்டும் கிக்குயுவை விட நிழல் தாங்கும். நர்சரிகளில் இரண்டையும் பஃபலோ கிராஸ் என்றே சொல்லி விற்பதுண்டு, பெயரை நம்பாமல் இலையைப் பார்த்து வாங்குங்கள். அரை அடிக்கு ஒரு துண்டாக நடலாம். ஒரு எச்சரிக்கை, இவை இரண்டும் உறைபனியில் கருகும். குன்னூர், கோத்தகிரிக்குச் சரி, ஊட்டியின் பள்ளத்தாக்குகளுக்குச் சரிவராது. அங்கே ஃபெஸ்க்யூ விதை வரவழைத்து, சதுர மீட்டருக்கு 30 கிராம் தூவிப் பார்க்கலாம். குளிரும் நிழலும் அதற்குப் பழக்கம், ஆனால் மிதி தாங்காது, தேங்கும் தண்ணீரும் ஆகாது. ஆட்கள் நடக்கும் தடத்தில் எந்தப் புல்லும் நிற்காது, அங்கே படிக்கல் பதித்துவிடுங்கள்.

மூன்று மணி நேரத்துக்கும் குறைவா? அங்கே புல் வேண்டாம். எங்கள் வீட்டின் வடக்கு மூலையை அப்படித்தான் விட்டேன். ஈர நிழலில் வல்லாரை தானாகப் படர்ந்து தரையை மூடியது, துவையலுக்கும் ஆயிற்று. சுவரோரம் பெரணி, அதற்கு முன்னால் வயலட், நடுவில் ஒரு ஹைட்ரேஞ்சியா. வறண்ட மரத்தடியில், பெயரில் மட்டும் புல்லான மாண்டோ புல் மெதுவாகப் படரும், பொறுமை வேண்டும். பாசி மட்டுமே நிற்கிற இடம் என்றால் பாசியையே இருக்க விட்டு ஓரமாகக் கல் பதியுங்கள், மழைக்காலத்தில் அது தருகிற பச்சையை எந்தப் புல்லும் தராது. நடைபாதையில் மட்டும் சுரண்டிவிடுங்கள், வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள்.

இப்படி எடுத்தெறியும் கிக்குயு துண்டுகளை வேலிக்கு அப்பால் வீசாதீர்கள். ஒரு கணு மண்ணைத் தொட்டால் போதும், வேர் பிடித்துச் சோலையோரப் புல்வெளிக்குள் நுழைந்துவிடும். சிமெண்ட் தளத்தில் பரப்பி, நொறுங்கும் வரை வெயிலில் காயவிட்டு, பிறகு மட்குக் குழியில் போடுங்கள்.